பாலுக்கு விழுந்த மாலை

மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பிரமநாயகம் தொண்டையைச் செருமினார் என்றால் குறைந்தது அரை மணி நேரம். அது ஆவுடைக்குத் தெரியும், முப்பத்தொரு வருஷம் அந்தச் செருமலோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா, அடுத்து சட்டைப்பையிலிருந்து கண்ணாடி வரும், வந்தது, பிறகு "நான் மருத்துவன் இல்லை, நில அளவைத் துறையிலே முப்பத்து மூணு வருஷம் சங்கிலி பிடிச்சவன், எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவேன்" என்று வரும், அதுவும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பாளையங்கோட்டைப் பூங்காவில் பந்தல் போட்டு, எண்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நடைப்பயிற்சி நண்பர்கள் சங்க ஆண்டு விழா என்று துணியில் எழுதிக் கட்டி, அத்தனை பேரும் வெறும் வயிற்றோடு தன் புருஷனுடைய வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்களுக்கு வீட்டில் வேலை கிடையாதா என்று அவளுக்குத் தோன்றியது, பெண்களில் பாதிப் பேருக்கு உண்டு, முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள், அல்லது முடிக்காமல் வந்து மனசுக்குள் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அட்டையில் வெட்டிய பச்சை டப்பா. சோயாப் பால், அதில் கொழுப்பைக் குறைக்கிற தாவர ஸ்டெரால் சேர்த்தது, இதயத்தின் நண்பன். நண்பனுக்கு ஓரத்தில் ஒரு இலையும் சிரிப்பும் வரைந்திருந்தார்கள். அவர் பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு தாள்களைத் தூக்கிப் பிடித்தார், ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு உறை போட்டு வைத்த மனுஷனை உலகத்தில் அவள் இவர் ஒருத்தரைத்தான் பார்த்திருக்கிறாள், கல்யாணப் பத்திரிகைக்குக்கூடப் போட்டதில்லை. "இது நாலு மாசத்துக்கு முந்தி, கொழுப்பு இருநூத்தி எண்பத்திரண்டு. இது ரெண்டு மாசத்துக்கு முந்தி, நூத்தி எழுபத்தாறு. நடுவிலே என்ன மாற்றம்? ஒண்ணே ஒண்ணு. மாத்திரை கிடையாது. தினமும் காலையிலே ஒரு டம்ளர் தாவரப் பால்!" கைதட்டினார்கள். ஆவுடையும் தட்டினாள். தட்டுகிற கையைப் பார்த்தாள். ஒண்ணு இல்லை, ரெண்டு. மாற்றம் ரெண்டு, ரெண்டாவது மாற்றம் மூணாவது வரிசையில் நீலப் புடவை கட்டி உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருக்கிறது.

நூற்றுப் பதினாறு நாள். எண்ண வேண்டாம் என்று நினைத்தாலும் எண்ணிக்கை தானாக ஏறுகிறது, பத்து மாத்திரை ஒரு அட்டை, பன்னிரண்டாவது அட்டையில் ஆறு போயாச்சு, நாலு இருக்கிறது. முதல் ரத்தச் சீட்டோடு போன அன்றைக்கு டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள், சின்ன வயசு, இவருக்கு மகள் வயசு, அதுவே இவருக்குப் பாதி இளக்காரம். "சார், உங்க அப்பா எத்தனை வயசில தவறினாங்க?" ஐம்பத்திரண்டு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. "அப்ப உங்களுக்குக் குடும்பத்தில வர்றது சார், மாத்திரை போட்டே ஆகணும்." இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார் பாருங்கள், வழக்கில் எதிர்க்கட்சி வாய்கொடுத்து மாட்டிக்கொண்ட மாதிரி. "எங்க குடும்பத்திலே ஏழு தலைமுறையா முட்டைகூட உள்ளே வந்ததில்லைம்மா. கறி தின்கிறவனுக்கு வர்ற வியாதிக்கு எனக்கு எப்படி மருந்து எழுதுதீங்க?" கல்லீரலே கொழுப்பைச் செய்கிறது என்று அந்தப் பெண் படம் போட்டுக் காட்டினாள். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. கல்லீரல்கூடச் சைவக் கல்லீரல்தான் அவருக்கு. மாத்திரை போட்டால் என்னவோ ஏழு தலைமுறையும் ரகசியமாகக் கறி தின்றது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. சொதி வைத்தால் மூன்று தேங்காய்ப் பால் வேண்டும், பருப்புக்கு மேலே நெய் மிதக்க வேண்டும், தயிர் ஏடு ஓரமாக ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், எல்லாம் சைவம், எல்லாம் புண்ணியம். மாத்திரைச் சீட்டை வழியிலேயே நாலாக மடித்து எட்டாக மடித்து ஓடுகிற ஆட்டோவிலிருந்து வெளியே விட்டார். அடுத்த வாரம் பூங்கா வாசலில் இந்தக் கம்பெனிக்காரர்கள் மேஜை போட்டு ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். தாவரம்! தாவரத்துக்குத் தாவரம்தான் மருந்து என்று துள்ளிக்கொண்டு வந்தார், ஒரு பெட்டி தூக்கிக்கொண்டு. அவள் மட்டும் தனியாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "குடிக்கட்டும்மா, பொய் இல்ல அது, கொஞ்சம் குறைக்கும். பத்துல ஒரு பங்கு குறைக்கும். ஆனா அவங்களுக்கு அது போதாது, மாத்திரைக்குப் பதில் அது கிடையாது." வேறு சீட்டு எழுதித் தரச் சொல்லி வாங்கி வந்தாள். மாத்திரை போடச் சொல்லி அவரிடம் கேட்டுப் பார்த்தாள், ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. "ஆதாரம் இருக்கா?" என்றார் ஐந்து தடவையும். அந்த வீட்டில் ஆதாரம் இல்லாமல் உப்புப் போதவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் அப்பா செத்துப்போனது ஆதாரம் இல்லையா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும், முப்பத்தொரு வருஷமாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனதையெல்லாம் அடுக்கினால் இந்தப் பூங்கா கொள்ளாது.

அதனால் பொடித்தாள். வேறென்ன செய்ய. ஏலக்காய் தட்டுகிற சின்னக் கல்லுரலில் இரண்டு ஏலக்காயும் ஒரு வெள்ளை மாத்திரையும், ஐந்தே முக்காலுக்கு, அவர் குளியலறையில் தேவாரம் பாடுகிற நேரத்தில், பாட்டுச் சத்தத்தில் இடிக்கிற சத்தம் கேட்காது. முதல் நாள் அவர் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்து, "என்ன ஒரு மூலிகைக் கசப்பு, பாத்தியா, இதுதான் வேலை செய்யுது" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடுப்பைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தாள், பிறகுதான் பயம் வந்தது. புருஷனுக்குத் தெரியாமல் பாலில் பொடி கலக்கிற பொம்பளைக்கு ஊரில் என்ன பெயர்? மருந்து வைத்தவள். சின்ன வயசில் அவள் தெருவில் ஒருத்தி இருந்தாள், புருஷன் தாய் பேச்சைக் கேட்காமல் இவள் பேச்சைக் கேட்டான், அவ்வளவுதான் குற்றம், மருந்து வைத்து மயக்கிவிட்டாள் என்று அவனை ஒரு வைத்தியனிடம் கூட்டிப்போய் வாந்தி எடுக்கவைத்து அந்த வாந்தியைத் தெருவே சுற்றி நின்று பார்த்தது, ஏதோ கறுப்பாகக் கிடந்தது, அதோ பார் மருந்து என்றார்கள், புளியங்கொட்டைத் தோல் மாதிரி இருந்தது, எட்டு வயசுக்காரிக்கே தெரிந்தது, பெரியவர்களுக்குத் தெரியவில்லை. அவள் பிறகு வாசலுக்குக் கோலம் போடக்கூட வரவில்லை. இவருடைய அக்கா செண்பகத்துக்கு மட்டும் இது தெரிந்தால் போதும், தென்காசியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து நடு வீட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வாள். அதுகூடப் பரவாயில்லை. இவர். தம்பி வீட்டில் யாரோ ஏதோ ஒரு சொல் சொன்னார்கள் என்று பதினோரு வருஷம் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காத மனுஷன். தெரிந்தால் அவள் கையால் ஒரு வாய் சாப்பிட மாட்டார், பால் குடிக்க மாட்டார், மாத்திரை அதோடு போகும், இருநூற்று எண்பத்திரண்டு திரும்பி வரும், பிறகு ஒரு நாள் செருப்பைக் கழற்றக் குனிவார். ஆகையால் பேசக்கூடாது. பேசாமல் இருப்பது அவரை உயிரோடு வைத்திருக்கிறது. அது நியாயமா? நியாயம் இல்லைதான். ஒரு மனுஷன் உடம்புக்குள் என்ன போகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அது அவளுக்கும் தெரியும். அவளுடைய உடம்பை இத்தனை வருஷம் யார் கேட்டார்கள் என்பது வேறு வழக்கு. வேறு வழக்கா? இரண்டும் ஒரே கட்டுதான், பிரித்தால் பிரியாது.

"மைனி, உங்களுக்குத்தான் நான் கும்பிடு போடணும்," என்று பக்கத்து நாற்காலியில் இருந்த பகவதி அவள் முழங்கையைத் தொட்டாள். பகவதி, தளவாய் அண்ணாச்சி வீட்டுக்காரி, அடுத்த தெரு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சிக்கு நெஞ்சில் அடைப்பு வந்து மதுரைக்குத் தூக்கிப்போய் ரத்தக் குழாயில் கம்பி வைத்துக் கொண்டுவந்தார்கள், அன்றைக்கு இவளுக்குத் துணையாக ஆவுடைதான் ஆஸ்பத்திரி வாசலில் தரையில் படுத்தாள்.

"எதுக்கு மைனி?"

"உங்க வீட்டு அண்ணாச்சி சொன்னதக் கேட்டு இவுகளும் மாத்திரைய விட்டாச்சுல்லா. ஒரு மண்டலம் விரதம் மாதிரி. இன்னையோட நாப்பது நாளு. இன்னும் எட்டு."

"எந்த மாத்திரைய?"

"எல்லாத்தையுந்தான். கொழுப்புக்கு ஒண்ணு, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு, இன்னும் ஒரு மஞ்ச மாத்திர. அப்பாடான்னு இருக்கு. டப்பாவோட தூரப் போட்டுட்டேன்."

"டாக்டர்ட்ட கேட்டீகளா?"

"அவன்ட்ட கேட்டா வேண்டாம்னா சொல்லுவான்? நல்லாத்தான் இருக்காக. என்ன, மாடி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்குது. நெஞ்சுல லேசா ஒரு பாரம். வாயு. பெருங்காயம் போட்டு மோர் குடுத்தேன்."

ஆவுடை முன் வரிசையைப் பார்த்தாள். தளவாய் அண்ணாச்சியின் பிடரி தெரிந்தது, வழுக்கைக்குக் கீழே நரைத்த கற்றை, வேர்த்திருந்தது, காற்று நன்றாகத்தான் வருகிறது, மற்றவர்களுக்கு வேர்க்கவில்லை. வலது கை சட்டைக்கு மேலே இடது பக்கத்தை வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது, நின்றது, திரும்பத் தேய்த்தது. அந்தக் கையிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. நாற்பது நாள். அந்த மனுஷன் வெறும் பால் குடித்திருக்கிறார். இவர் குடித்ததில் மாத்திரை இருந்தது, அவர் குடித்ததில் இல்லை, இரண்டும் ஒரே பச்சை டப்பா, ஒரே சிரிப்பு. அவரை மாத்திரையை விடவைத்தது பால் இல்லை, கம்பெனி இல்லை, அந்த டப்பாவின் பின்பக்கத்தில் கடுகு எழுத்தில் போட்டிருக்கிறது, மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்கவும் என்று, புருஷனுடைய பூதக்கண்ணாடியை வைத்து அவள்தான் படித்தாள், முன்பக்கத்து இதயம் பூசணிக்காய் அளவுக்கு இருக்கும்போது பின்பக்கத்துக் கடுகை யார் படிப்பார்கள், அதற்கு அவர்களைத் தனியாக உரலில் போட வேண்டும். ஆனால் நூற்று எழுபத்தாறு என்கிற அந்த எண்ணை உண்டாக்கியது யார்? நீ. அவர் கையில் உறை போட்டு மின்னுகிறதே, அந்தப் பொய்ச் சீட்டை எழுதியது உன் கல்லுரல். நீ மட்டும் பொடிக்காமல் இருந்திருந்தால் இவருக்கு ஏதோ கொஞ்சம் குறைந்திருக்கும், இருநூற்று ஐம்பதைக் காட்டி எவன் மேடை ஏறுவான், தளவாய் அண்ணாச்சி தன் மஞ்சள் மாத்திரையை விழுங்கிவிட்டு நிம்மதியாக நடந்துகொண்டிருப்பார். ஒருத்தரைக் காப்பாற்ற இன்னொருத்தரைக் கொடுத்திருக்கிறாய். தெரியாமல்தானே. இப்போது தெரியும். தெரிந்த பிறகு தெரியாமல் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போகும்போது பகவதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால்? காதோடு காதாக? பகவதி வாயில் ரகசியம் தெற்கு பஜார் தாண்டும்வரை நிற்காது, சாயங்காலத்துக்குள் இவர் காதுக்கு வந்துவிடும், அதுவும் கை கால் முளைத்து, மருந்து வைத்தாள் என்று. டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் பொதுவாகச் சொன்னால்? சொன்னாயே இப்போது, டாக்டர்ட்ட கேட்டீகளா என்று, என்ன பதில் வந்தது? எட்டு நாள்தானே, மண்டலம் முடியட்டும், ரத்தம் எடுத்துப் பார்த்து அவர்களே தெரிந்துகொள்வார்கள். எட்டு நாள். அந்தக் கை திரும்பத் தேய்த்தது. அது வாயு என்றால்? வாயுவாகவும் இருக்கலாம். பெருங்காயத்துக்குக் கேட்கிற வாயுவா, கேட்காத வாயுவா என்று எட்டு நாள் இருந்து பார்ப்போமா, அளந்து பார்ப்போமா, ஆதாரம் வரட்டுமா? சே. இவர் மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டது மனசு. முப்பத்தொரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் இதுதான் ஒட்டிக்கொள்ளும்.

மேடையில் கம்பெனிப் பெண் ஒருத்தி, பச்சைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, சந்தன மாலையைக் கொண்டுவந்து பிரமநாயகத்தின் கழுத்தில் போட்டாள். அவர் குனிந்து வாங்கி, ஒரு விநாடி நின்று, கழற்றினார், நிதானமாகத் திரும்பி அந்த அட்டை டப்பாவின் கழுத்தில், கழுத்து எங்கே இருக்கிறது அதற்கு, மூடியில் மாட்டினார். "இந்த மரியாதை எனக்கில்லை, இந்தப் பாலுக்கு!" பூங்கா அதிர்ந்தது. பின்னாலிருந்து யாரோ, "வேய் பிரமநாயகம், அப்படியே தீபாராதனையும் காட்டிரும்!" என்று கத்தினார்கள், சிரிப்பு. ஆவுடை அந்த மாலையையே பார்த்தாள். எனக்குத் தெரியும் யாருக்கு விழ வேண்டிய மாலை என்று, வேண்டாம், மாலை யாருக்கு வேண்டும், ஒரு நாளாவது டம்ளரைக் கழுவி வைத்திருப்பாரா. "மாத்திரை சாப்பிடுகிற நண்பர்கள் எத்தனை பேர் இங்கே? ஒரு மண்டலம், நாற்பத்தெட்டே நாள், மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடியுங்க. பிறகு அளந்து பாருங்க. நம்ம தளவாய் ஆரம்பிச்சாச்சு. இன்னும் யார்? கை தூக்குங்க!" ஒரு கை. மூன்று. கதர்ச் சட்டை ஒன்று, கோடு போட்ட சட்டை ஒன்று, ஒரு பச்சை நரம்புக் கை, அது அஞ்சலகத்தில் இருந்த அம்மா, போன வருஷம்தான் பக்கவாதம் லேசாக வந்து பிழைத்தவள். எட்டு. பதினொன்று. ஆவுடை எண்ணினாள். எண்ணுவதை நிறுத்த முடியவில்லை. இத்தனை பேருக்குக் கல்லுரல் யார் வைத்திருக்கிறார்கள் வீட்டில்?

அந்த அஞ்சலகத்து அம்மாதான் எழுந்து கேட்டாள், "சார், இத எப்படிக் காய்ச்சணும்? கொதிக்க விடலாமா, சும்மா சூடு பண்ணினாப் போதுமா?"

பிரமநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் இதுவரை அடுப்பின் எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று பார்த்தவர் இல்லை. பெரிதாகச் சிரித்தார். "அது அடுக்களை இலாகா. எங்க வீட்டம்மாதான் சொல்லணும். ஆவுடை, வா, வந்து சொல்லு, எல்லாரும் குறிச்சுக்கிடட்டும்." கம்பெனிப் பெண் நோட்டை எடுத்தாள். பகவதி முதுகில் கை வைத்துத் தள்ளினாள், "போங்க மைனி, என்ன வெக்கம்." கால் எப்படி எழுந்தது என்று தெரியவில்லை, நாற்காலிகளுக்கு நடுவே புல், புல்லில் ஈரம், போகாதே, சும்மா சூடு பண்ணினால் போதும் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார், ஒரு வரி, யாருக்கும் நஷ்டமில்லை, பதினொரு கைக்கு நஷ்டம், தளவாய் அண்ணாச்சியோடு பன்னிரண்டு. முன் வரிசையைக் கடக்கும்போது தளவாய் அண்ணாச்சி அவளைப் பார்த்துச் சிரித்தார், உதட்டுக்கு மேலே வேர்வை முத்து முத்தாக நின்றது. மைக் கனமாக இருந்தது, அவர் பிடித்திருந்த இடம் சூடாக இருந்தது. மைக்கில் அவள் இதற்கு முன் பேசியதில்லை. தன் மூச்சு பூங்கா முழுவதும் கேட்டது.

"டப்பாவ நல்லாக் குலுக்கணும்," என்றாள். "கொதிக்க விடக்கூடாது. கை பொறுக்குற சூடு போதும்." பலர் தலையாட்டினார்கள். "ரெண்டு ஏலக்காய். அத உரல்ல போட்டுப் பொடிக்கணும்." கம்பெனிப் பெண் எழுதினாள். "ஏலக்காயோட, டாக்டர் எழுதின கொழுப்பு மாத்திரை, அதுல ஒண்ணு. அதையும் சேத்துப் பொடிக்கணும். பொடிச்சுப் பால்ல போட்டுக் கலக்கி, அவுகளுக்குத் தெரியாமக் குடுக்கணும். நூத்திப் பதினாறு நாளு நான் அப்படித்தான் குடுத்தேன்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு பிரமநாயகம் சிரித்தார், உரக்க, மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கிற சிரிப்பு. "பாத்தீங்களா, எங்க வீட்டம்மாவுக்கு எவ்வளவு நகைச்சுவை!" அதுதான் தேவைப்பட்டது அவர்களுக்கு, எண்பது பேரும் ஒரே மூச்சில் சிரித்தார்கள், பொம்பளைகளும், அந்தச் சிரிப்பு அலையலையாக வந்து அவள் முகத்தில் அடித்தது, அவளுக்குத் தெரிந்துபோனது, உண்மையைச் சொல்வதுகூட இந்த மனுஷனுக்கு முன்னால் போதாது, மறுபடி மறுபடி சொல்ல வேண்டும், சொல்லி அங்கேயே நிற்க வேண்டும். தளவாய் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. நெஞ்சிலிருந்த கையை எடுக்காமலே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மைனி, நிசமாவா சொல்லுதீக?"

"நிசம் அண்ணாச்சி. நீங்க குடிச்சது வெறும் பாலு. அவுக குடிச்சது அது இல்ல."

"தினமுமா?"

"ஒரு நாள் தப்பல."

அவர் பிரமநாயகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி மனைவியைத் தேடினார். "ஏட்டி பகவதி, மாத்திரைய எந்தக் குப்பையிலட்டி போட்ட?"

"நீங்கதானே போடச் சொன்னீக," என்று பகவதி அழ ஆரம்பித்தாள்.

"மாத்திரைக்கு அப்புறம் போகலாம், முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!" என்று ஆவுடை கத்தினாள், மைக்கில் கத்தியது பந்தல் கம்பங்களில் முட்டித் திரும்பியது. "நாப்பது நாளா மாத்திரை இல்ல, நெஞ்சுல பாரம் அவுகளுக்கு. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, இப்பவே போங்க!" இரண்டு பேர் ஓடிவந்து அண்ணாச்சியின் கக்கத்தில் கை கொடுத்தார்கள், யாரோ ஆட்டோ, ஆட்டோ என்று வாசல் பக்கம் ஓடினார்கள். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. தூக்கியிருந்த கைகளெல்லாம் மடியில் கிடந்தன.

பிரமநாயகம் அவள் அருகே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கையிலிருந்த மைக்கின் பொத்தானைத் தள்ளி அணைத்தார். "வீட்டுக்கு வா. பேசிக்கிடுவோம்," என்றார், பல்லுக்குள்.

வீடு. நாலு சுவர், ஒரு செருமல், ஆதாரம் இருக்கா. அவளுக்கு ஓடிப்போய்விட வேண்டும்போல் இருந்தது, பகவதியோடு ஆட்டோவில் ஏறிவிட வேண்டும்போல் இருந்தது.

"இல்ல," என்றாள். "இங்கயே பேசுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

பொத்தானை மேலே தள்ளி, மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.